ஈரக்காரர்கள் வந்த வருஷம்

செம்பாறைத்துறைக்கு அந்த வருஷம் மழை வருவதற்கு முன்பே ஈரம் வந்து சேர்ந்தது. ஆவணி வெயிலில் ரோட்டுத் தார் இளகிச் செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியான நேரம், உள்ளாற்று அணையிலிருந்து ஊருக்குள் இறங்கும் சாலையில், தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்த ஆள் ஒருவன் நடந்து வந்தான். அவன் வந்த தடம் தாரின் மேல் கறுப்பாக நீண்டு கிடந்தது, அந்த வெயிலிலும் காயவில்லை. ஊரின் முதல் கட்டடம் உலகம்மையின் டீக்கடை. அதன் வாசலில் வந்து நின்று, வெகுதூரத்திலிருந்து ஒரு சாமானைச் சிந்தாமல் தூக்கிவந்து இறக்கி வைக்கிறவனைப் போல, ஏதோ ஒன்றைச் சொன்னான். உலகம்மைக்கு அது விளங்கவில்லை. கணக்கு வாத்தியார் பேசுகிற மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொன்னாள்.

அவள் நல்ல மனசுக்காரி. துண்டை எடுத்துவந்து அவன் தலையைத் துவட்டினாள். துவட்டத் துவட்ட மயிர்க்கால்களிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. அவன் அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னான். கடையில் ஆட்கள் காத்துக்கொண்டிருக்க, பால் பொங்கிக்கொண்டிருக்க, அவள் கடைசியில் சலித்துப்போய், "சரி, சரி, இருக்கட்டும்" என்றாள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவன் வாய் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அவன் பேசவே இல்லை. திரும்பி நடந்து போய் ஆற்றங்கரையில் அணையைப் பார்த்தபடி நின்றுகொண்டான்.

பிறகு ஒரு பெண் வந்தாள், அடுத்து ஒரு கிழவர், அதற்கடுத்து ஆணும் பெண்ணுமாகக் கும்பல் கும்பலாக. யாரும் சாப்பிடவில்லை, உட்காரவில்லை, யாருக்கும் தீங்கு செய்யவில்லை. வாசலில் நின்று ஏதோ ஒரு கணக்கை முணுமுணுத்தார்கள். அதைக் கேட்கிற ஆள் "சரி" என்று சொல்லும்வரை நிறுத்தவில்லை. ஊர் முதலில் பயந்தது. அப்புறம் பழகிக்கொண்டது. ஈரக்காரர்கள் என்று பேர் வைத்தது. வாய் மூடிப்போனவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் மறுப்பில்லாமல் வருகிறார்கள் என்று தெரிந்ததும், கீரைக்காரி தன் கூடைக்குப் பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டாள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர்கள் வரிசைக்கு ஒருவரை நட்டார்கள். புதுவீடு கட்டுகிறவர்கள் காங்கிரீட் காயாமல் இருக்க மொட்டைமாடியில் இருவரை ஏற்றிவிட்டார்கள். கல்யாண மண்டபத்தில் வெக்கை தணிய வாசலுக்கு இரண்டு பக்கமும் மாலை போட்டு நிறுத்தினார்கள். கோயிலில் ஒருவருக்கு வேட்டி சாத்தினார்கள். சர்ச்சில் ஃபாதர் அவர்களுக்காக ஒரு செபம் சேர்த்துக்கொண்டார். ஆனால் எங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும், எந்தத் திசையில் நிறுத்தினாலும், கொஞ்ச நேரத்தில் அவர்கள் முகம் மட்டும் மெல்லத் திரும்பி அணைப் பக்கம் பார்த்து நின்றுவிடும். அதைப் பற்றி யாரும் பேசிக்கொள்ளவில்லை.

அதைவிட மெதுவாக ஊருக்குள் இறங்கிய இன்னொன்றை யாரும் கவனிக்கவும் இல்லை. கதவைத் தட்டும் சத்தம் கேட்டதும், கையில் இருக்கிற வேலையை விடாமல், முகத்தைத் திருப்பாமல், "சரி" என்று சொல்லப் பழகிய நாக்கு, மற்ற எதற்கும் அதையே சொல்லப் பழகிவிட்டது. வயிறு வலிக்கிறது என்ற பிள்ளைக்குத் தாய் சரி என்றாள். மண்டபத்தின் தூணில் விரிசல் ஓடுகிறது என்ற கொத்தனாருக்கு மண்டபக்காரர் சரி என்றார். செம்பாறைத்துறையில் அந்த ஆவணியும் புரட்டாசியும் ஒரு சண்டைகூட நடக்கவில்லை. எவ்வளவு நல்ல ஊராகிவிட்டது என்று வெளியூர்ச் சம்பந்திகள் மெச்சிக்கொண்டார்கள்.

அமலோற்பவத்தின் வீடு ஊரின் மேட்டுக் கோடியில் இருந்தது. அணைச் சாலையில் இறங்கி வருகிறவர்களைக் கீழத்தெருவே வாய் மூட வைத்துவிடுவதால், பேசாத ஈரக்காரர்களை மட்டும்தான் அவள் பார்த்திருந்தாள். அவள் வேலை செய்தது ஆற்றோரத் தெருவில் இருந்த கோதண்டபாணியின் கம்பெனியில். அணையின் ஷட்டர்களை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி அங்கே தயாரானது. பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடி எல்லாவற்றையும் தாங்குகிற கெர்னல் என்னும் நிரலும் அங்கேயே எழுதப்பட்டது. மற்றவர்கள் எழுதியதை வரி வரியாக வாசித்து, இது போகலாம், இது போகக்கூடாது என்று சொல்வது அமலோற்பவத்தின் வேலை. வேலை சரியாக நடக்கும்போது நிரல் என்ன செய்கிறது என்பதை எழுதியவர்களே பார்த்துக்கொள்வார்கள். நடக்காமல் போனால் என்ன செய்கிறது என்பதைத்தான் அவள் பார்ப்பாள். மோட்டாரைக் கூப்பிட்டு அது பதில் சொல்லாவிட்டால், அளவுமானியைக் கேட்டு அது அறுந்து கிடந்தால், கூப்பிடப் போன வரி ஒரு மைனஸ் எண்ணோடு திரும்பி வரும். அனுப்பியவர் அந்த எண்ணை வாங்கிப் பார்க்க வேண்டும். கோதண்டபாணியின் பெட்டியில் பெரும்பாலான இடங்களில் யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. எண் வந்து நின்றது, நிரல் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனது. அளவு கிடைக்காவிட்டால், கடைசியாகக் கிடைத்த பழைய அளவையே திரையில் காட்டியது.

அந்தப் பெட்டி ஏற்கெனவே அணையில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த பதிப்பைத்தான் அவள் பரிசீலித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இடத்தையும் குறித்து அனுப்பினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில் வந்தது: சரி, பிறகு பார்க்கலாம்.

ஐப்பசியின் முதல் மழை தூறிய மாலையில், கீழத்தெருவில் எல்லாரும் கதவடைத்திருந்ததால் யாரிடமும் அகப்படாமல் மேடு வரை ஏறி வந்துவிட்ட ஒரு ஈரக்காரி அமலோற்பவத்தின் கேட்டருகே நின்றாள். அவளுக்கும் ஏறக்குறைய அமலோற்பவத்தின் வயதுதான் இருக்கும்.

"மைனஸ் நூத்திப் பத்து" என்றாள் அவள்.

அமலோற்பவம் தினமும் திரையில் பார்க்கிற எண் அது. கேட்டேன், காத்திருந்தேன், பதில் வரவில்லை, நேரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அலுவலகத்தில் அந்த எண்ணைப் பார்த்தால் எதைத் தேடுவாளோ அதையே, யோசிக்காமல், கேட்டாள்.

"எங்கேருந்து?"

ஈரக்காரி நடுங்கினாள். அதுவரை அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை என்பது அந்த நடுக்கத்திலேயே தெரிந்தது.

"மூணாம் ஷட்டர்."

"யாரைக் கேட்டே?"

"மோட்டாரை. திறன்னு சொன்னேன். அது ஒண்ணும் சொல்லலை. காத்திருந்தேன். திரும்பி வந்து சொன்னேன். யாரும் வாங்கிக்கலை."

"எப்போலேருந்து?"

"கோடையிலேருந்து."

"நான் வாங்கிக்கிட்டேன்" என்றாள் அமலோற்பவம்.

ஈரக்காரியின் கூந்தல் காய்ந்தது, சேலை காய்ந்தது, காய்ந்த கையைத் தூக்கி வியப்போடு பார்த்தாள். அதற்குப் பிறகு கேட்டருகில் யாரும் இல்லை. துருப்பிடித்த இரும்பின் வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

மறுநாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. அமலோற்பவம் நேராகக் கோதண்டபாணியின் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. மெட்ராஸில் நல்ல வேலையை விட்டுவிட்டு, இந்த ஊரில் இந்தப் பெட்டி மேல் ஆசைப்பட்டு வந்து, தலை நரைத்தவர். அவர் அறை மூலையில், தொட்டிச் செடிகளுக்கு நடுவே, ஒரு ஈரக்காரர் ஜன்னலுக்கு வெளியே அணையைப் பார்த்தபடி சொட்டிக்கொண்டிருந்தார்.

"சார், மூணாம் ஷட்டர் மோட்டார் கோடையிலேருந்து செத்துக் கிடக்கு. திரையில திறந்திருக்குன்னு காட்டும். திறந்திருக்காது."

"யாரு சொன்னா?"

அவள் ஈரக்காரியைப் பற்றிச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. அந்த ஊரில் அதற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அமலோற்பவம், முதல் பெட்டி எப்படி இருந்துதுன்னு உங்களுக்குத் தெரியாது. சின்னக் கோளாறுக்கெல்லாம் கத்தும். அணையில இருந்தவங்க கேட்டுக் கேட்டு வெறுத்துப்போய் வயரையே பிடுங்கிட்டாங்க. வயரில்லாத பெட்டியை வச்சு ஒரு மழைக்காலம் ஓட்டினாங்க. நான் அதைப் பார்த்தேன். கத்தாத பெட்டி கொடுங்கன்னு அவங்களேதான் கேட்டாங்க. கொடுத்தேன்."

"கத்த வேண்டியதுக்கும் கத்தலையே, சார்."

அவர் தன் மேஜைத் திரையை அவள் பக்கம் திருப்பினார். அணையிலிருந்து வரும் தகவல் அத்தனையும் பச்சையாக இருந்தது.

"நீங்க சொல்றதைக் குறிச்சுக்கிறேன். சரி" என்றார்.

அவள் வெளியே வந்து கணவனுக்குப் போன் போட்டாள். சவரிமுத்து மைக்செட் வாடகைக்கு விடுகிறவன். அந்த ஊரில் நடக்கிற எந்தக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவன் குழாய் ஸ்பீக்கர்தான். பந்தல் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, ஸ்பீக்கர் கட்டிய வேனோடு வந்தான். அணைக்குப் போகும் வழியில், மழைக்குள் மழையாக ஒரு கிழ ஈரக்காரர் எதிரே வந்தார். அமலோற்பவம் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினாள்.

"மைனஸ் அஞ்சு" என்றார் அவர். கேட்ட கருவி அறுந்து கிடக்கிறது என்கிற எண் அது.

"எங்கேருந்து?"

"நீர்மட்டம் அளக்கிற இடத்துலேருந்து."

"கடைசியா எப்போ அளந்தீங்க?"

"ஆவணியில" என்றார். அவள் வாங்கிக்கொண்டேன் என்றதும், காய்ந்து, காணாமல் போனார்.

சவரிமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளைப் பார்த்தான். "ஏ அமலம், அப்போ இம்புட்டு நாளா அணையில இருக்கவிய திரையில பார்த்துக்கிட்டு இருக்கது ஆவணித் தண்ணியா?"

அவள் தலையசைத்தாள்.

அணையின் கட்டுப்பாட்டு அறையில் பணியில் இருந்த அதிகாரி, நிறைய ஈரக்காரர்களைச் சரி சொல்லி அனுப்பி வைத்த களைப்போடு, இருவரும் கதவைத் திறந்ததுமே "சரி" என்றார்.

"சார், நீர்மட்டக் கருவி அறுந்து கிடக்கு. திரையில இருக்கது பழைய அளவு. தண்ணி மேல வந்துட்டு."

"சரிம்மா."

"மூணாம் ஷட்டர் திறக்கலை."

"சரிம்மா" என்றார் அவர், பச்சைத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் குரலில் எரிச்சல்கூட இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. வாசலில் நின்று சொல்லிச் சொல்லி வாய் மூடிப்போன அத்தனை பேரையும் அவள் நினைத்துப் பார்த்தாள். அவர்களும் சொல்லத்தான் செய்தார்கள். கேட்டின் அருகே நின்றவள் நடுங்கியது, தான் அவளிடம் கேள்வி கேட்டபோது.

"சார்," என்றாள், "அந்த ஜன்னல்ல பார்த்தா, தண்ணிக்கு மேல உள்சுவர்ப் படி எத்தனை தெரியுது?"

அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேள்விக்குச் சரி என்று பதில் சொல்ல முடியவில்லை. எழுந்தார். ஜன்னலுக்குப் போய்க் கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டு, எண்ணுவதற்காக விரலைத் தூக்கினார். விரல் அப்படியே நின்றது.

"படியே தெரியலை" என்றார்.

பிறகு அவர் ஓடினார். சைரன் பொத்தானை அழுத்தினார். சைரன் ஒலிக்கிறது என்று திரை பச்சையில் சொன்னது. அமலோற்பவம் கேட்டாள், "உங்க காதுல கேக்குதா, சார்?" மூன்று பேரும் காதைக் கொடுத்து நின்றார்கள். மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

"கையால சுத்தித் திறக்கப் பார்க்கோம்" என்றார் அதிகாரி, ரெயின்கோட்டில் கையை நுழைத்துக்கொண்டே. "பக்கத்துல மண்கரை ஏற்கெனவே ஊறிப்போய்க் கிடக்கு. அது தாங்கும்னு எனக்குத் தோணலை. நீங்க ஊருக்குப் போங்கம்மா. உடனே போங்க."

வேன் ஊருக்குள் நுழையும்போதே சவரிமுத்து மைக்கைக் கையில் எடுத்துவிட்டான். "அன்பான பொதுமக்களே, அணைக்கரை உடையப் போகுது, எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க, எதையும் எடுக்காண்டாம், உடனே போங்க." கீழத்தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன. ஒவ்வொரு கதவிலும் ஒரு முகம் வந்து, வேனைப் பார்த்து, அமைதியாக, "சரி" என்றது. ஒவ்வொரு கதவும் மூடிக்கொண்டது. தெரு நெடுக ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ப்பாள் விழும் சத்தம் ஸ்பீக்கரின் எதிரொலிக்குள் கேட்டது. இருபது வருஷமாக அந்தத் தெருக்காரர்களின் பேரைச் சொல்லிச் சாவு அறிவித்தவன் சவரிமுத்து. அவன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு அழுதான்.

அமலோற்பவம் அவனைக் கூட்டிக்கொண்டு இறங்கி டீக்கடைக்குள் போனாள்.

"உலகம்மை அக்கா, உங்க மாமியாரை யாரு தூக்குவா?"

"சரி..." என்று தொடங்கிய உலகம்மை நிறுத்தினாள். அடுப்பைப் பார்த்தாள், உள்ளறையைப் பார்த்தாள். "அவியளையா? அவியளுக்குத்தான் கால் வராதே. யாரு தூக்குவா?" அவள் முகத்தில் எத்தனையோ நாளாக இல்லாத ஒன்று வந்தது. பயம். "ஏ தாயி, என் வீட்டுக்காரரும் ஊர்ல இல்லை. யாரு தூக்குவா?"

"இவரு தூக்குவாரு. நீங்க பக்கத்து வீட்டுக்கு ஓடுங்க. தண்ணி வருதுன்னு சொல்லாதீங்க. கேளுங்க. அவங்க வீட்டுல எது கட்டிக் கிடக்கு, எது படுத்துக் கிடக்கு, அதைக் கேளுங்க."

உலகம்மை ஓடினாள். உங்க மாட்டை அவுத்துட்டியளா? பிள்ளை தொட்டில்லயா கிடக்கு? அப்பாவோட ஊன்றுகோல் எங்கே? கேட்கப்பட்டவர்கள் விழித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடிக் கேட்டார்கள். கேள்வி தெருத் தெருவாகப் பரவியது. வாய்கள் அலறின, அழுதன, ஒருவரையொருவர் திட்டின. கட்டிலும் பிள்ளையும் ஆடுமாக ஊர் மேட்டை நோக்கி ஏறத் தொடங்கியது. கொடிக்காலில், மண்டப வாசலில், கரையில் நின்ற ஈரக்காரர்கள் மட்டும் அசையவில்லை. அவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆற்றோரத் தெரு இன்னும் பாக்கி இருந்தது. மேட்டுப் பாதையில் ஒரு கிழவியைத் தாங்கிப் பிடித்தபடி அமலோற்பவம் கோதண்டபாணிக்குப் போன் செய்தாள்.

"ஸ்கிரீன்ல எல்லாம் பச்சையாத்தான் இருக்கு, அமலோற்பவம்" என்றார் அவர், எடுத்ததுமே. "பையன்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டேன். நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

"சார், உங்க காலடியில என்ன இருக்கு?"

போனில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, அதோடு வேறொரு சத்தமும் கேட்டது.

"தண்ணி" என்றார் அவர். சின்னப் பிள்ளை சொல்வது போல இருந்தது.

"எதுவரைக்கும்?"

"முழங்கால். எப்போ வந்துச்சு? நான் பார்க்கவே இல்லையே."

"மாடிக் கதவுச் சாவி எங்கே, சார்?"

"என்கிட்டதான் இருக்கு."

"ஏறுங்க. போனை வைக்காதீங்க."

படியேறும் காலடி கேட்டது. சாவி பூட்டில் இடறியது. அப்போது அணைப் பக்கமிருந்து, மலையே ஜல்லி லாரியாகிச் சாய்ந்து கொட்டுவது போல, ஒரு சத்தம் புறப்பட்டது. போன் அறுந்தது.

மேட்டுப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் நின்றவர்கள் எல்லாவற்றையும் பார்த்தார்கள். பழுப்பு நிறத்தில் ஒரு சுவர் நடந்து வந்தது. அது கரையை எட்டியபோது, அங்கே நின்றவர்களும் கொடிக்காலில் நின்றவர்களும் மாலையோடு மண்டப வாசலில் நின்றவர்களும், வாய் மூடிப்போன அத்தனை ஈரக்காரர்களும், வாயைத் திறந்தார்கள். ஆளுக்கொரு எண்ணாக, ஒரே நேரத்தில், உரக்கச் சொன்னார்கள். வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல அந்தச் சத்தம் மேட்டுக்கு ஏறி வந்தது. யாரும் பதில் சொல்வதற்குள் தண்ணீர் அதன் மேல் மூடியது.

பொழுது சாய்வதற்கு முன் மழை விட்டது. சவரிமுத்து மைதானத்தில் பேட்டரி வைத்து மைக்கைக் கட்டி, ஊரில் யாரெல்லாம் ஏறி வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வீடுவீடாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். ஊரின் எல்லா வீடுகளும் அவனுக்கு மனப்பாடம். பேர் வந்ததும் கூட்டத்தில் ஒரு கை உயர்ந்தது, ஒரு குரல் "இருக்கேன்" என்றது. கீழத்தெரு முடிந்தது, நடுத்தெரு முடிந்தது, ஆற்றோரத் தெரு தொடங்கியது.

"கோதண்டபாணி சார்."

கை எழவில்லை. சவரிமுத்து கொஞ்சம் பொறுத்தான். "அடுத்து, வடிவு டெய்லர்..." என்று ஆரம்பித்தான்.

அமலோற்பவம் அவன் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"கோதண்டபாணி சார்" என்றாள்.

கூட்டம் காத்திருந்தது. தங்கள் வீட்டுப் பேருக்காகக் காத்திருந்த சிலர் முணுமுணுத்தார்கள். அவள் அடுத்த பேருக்குப் போகவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள், காத்திருந்தாள், மறுபடியும் கூப்பிட்டாள். முணுமுணுப்பு மெல்ல அடங்கியது. முன்வரிசையில் மாமியாரின் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த உலகம்மை, "இன்னும் சத்தமா கூப்பிடு, தாயி" என்றாள்.

சவரிமுத்து எழுந்துபோய்க் குழாய் ஸ்பீக்கரை, கூரைகள் மட்டும் அங்கங்கே தெரிந்த ஆற்றோரத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தான். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு அந்தப் பேரைக் கூப்பிட்டாள். ஊர் முழுக்கக் காதைக் கொடுத்து நின்றது.